பழைய கார் ரேடியோவுக்கு இன்னொரு காது

(மூன்றாம் ஆண்டு மாணவர், மின்னணுவியல் மற்றும் தொடர்பியல் துறை)



"பழைய சாமானா? பேரீச்சம்பழத்துக்குப் போடு!" என்று சொல்வது நம் ஊர் வழக்கம். தெருவில் பேரீச்சம்பழக்காரர் வருவது நின்று எத்தனையோ வருஷமாச்சு. அந்தப் புத்தி மட்டும் நம்மை விட்டுப் போகவில்லை. இந்த ஆண்டு மலரில் நான் எழுத வந்திருப்பது ஒரு சின்ன விஷயம் பற்றித்தான். பழைய காரில் இருக்கிற ரேடியோவைக் கழற்றி எறியாமல், அந்த ரேடியோவிலேயே செல்போன் பாட்டையும் கேட்க வழி செய்வது. இதற்கு 'ஆக்ஸிலரி இன்புட்' என்று பெயர். கடைக்காரர் பாஷையில் 'ஆக்ஸ்'. ரேடியோவுக்கு ஏற்கெனவே ஏரியல் என்று ஒரு காது உண்டு. இது இன்னொரு காது. சின்ன விஷயம்தான் என்றாலும், மூணு வருஷம் டிப்ளமோ படிக்கிற நமக்கு இதில் யோசிக்க நிறைய இருக்கிறது என்பது என் தாழ்மையான கருத்து.

கள்ளக்குறிச்சியில் சேலம் ரோட்டு ஓரம் நின்று பார்த்தால் இன்றைக்கும் எப்போதாவது ஒரு அம்பாசிடர் போவது கண்ணில் படும். பெரும்பாலும் மாப்பிள்ளை அழைப்புக்குப் பூ கட்டிக்கொண்டு போகும், இல்லையென்றால் ஒரு மெக்கானிக் ஷெட் வாசலில் பானெட்டைத் திறந்துகொண்டு நிற்கும்! இந்துஸ்தான் மோட்டார்ஸ் கம்பெனி 2014-ஆம் ஆண்டு மே மாதத்தோடு அம்பாசிடர் தயாரிப்பை நிறுத்திவிட்டது. ஆகவே இப்போது ஓடுகிறவற்றில் ரொம்ப இளசான வண்டிக்கே பத்து வயசுக்கு மேல். 1975-இல் வந்த மார்க் 3, 1979-இல் வந்த மார்க் 4 எல்லாம் நம்ம அப்பாமார்கள் வயசு. அந்த வண்டிகளில் சிலவற்றின் டேஷ்போர்டில் இரண்டு குமிழ், நடுவே கண்ணாடி, அதில் எண்கள், ஒரு சிவப்பு முள் என்று ஒரு ரேடியோ உட்கார்ந்திருக்கும்.

எங்கள் ஊர்ப் பெரியவர் ஒருவரிடம் அப்படி ஒரு வண்டி. மலைக்கு மேலே வெள்ளிமலைப் பக்கம் அவருக்கு உறவு முறை உண்டு. மாசம் ஒரு தடவையாவது கச்சிராயபாளையம் வழியாக மேலே ஏறுவார். பேரன், பேத்திகள் "பாட்டு வையுங்க தாத்தா" என்று நச்சரித்ததில், கார் அலங்காரக் கடை ஒன்றுக்குப் போயிருக்கிறார். கடைக்காரப் பையன் பார்த்த ஒரே பார்வையில், "ஐயா, இந்த டப்பாவைத் தூக்கிப் போட்டுட்டு டச் ஸ்கிரீன் செட் போட்டுடலாம். டேஷ்போர்டை லேசா அறுக்கணும், அவ்ளோதான்" என்றானாம்.

அவ்ளோதானாம்! ஏன் அறுக்க வேண்டும் என்று கேட்டால் அதற்கும் காரணம் உண்டு. இன்றைய கார் செட்டுகள் 180 மில்லிமீட்டர் அகலம், 50 மில்லிமீட்டர் உயரம் உள்ள ஒரு நீள்சதுரப் பொந்துக்காகச் செய்யப்படுகின்றன. டச் ஸ்கிரீன் என்றால் அதைப் போல இரண்டு மடங்கு உயரம். பழைய ரேடியோ அப்படி இல்லை. இரண்டு பக்கமும் இரண்டு தண்டு, நடுவே ஒரு மூக்கு, அவ்வளவுக்குத்தான் தகட்டில் துளை இருக்கும். புதுசு உட்கார வேண்டுமென்றால் தகட்டை வெட்டியே ஆகணும். வெட்டின தகடு திரும்ப ஒட்டாது. அடுத்த வருஷம் அந்த ஸ்கிரீன் போய்விட்டால் அந்த இடத்தில் ஒரு ஓட்டை மட்டும் நிற்கும். நம்ம ஊரிலேயே அப்படி ஓட்டையோடு ஒரு வண்டி நிற்கிறது. அதில் இப்போது பீடிக்கட்டும் ஆர்.சி. புக்கும் வைக்கிறார்கள்.

கடைக்காரப் பையன் சொன்னதில் நியாயமே இல்லை என்று நான் சொல்ல மாட்டேன். அந்தப் பழைய ரேடியோவில் கேட்க என்னதான் இருக்கிறது என்பது அவன் கேள்வி. அது மீடியம் வேவ் மட்டுமே எடுக்கும், எப்.எம். எடுக்காது. எங்க வீட்டுப் பெரியவர்களுக்குத் 'திருச்சி 936', 'சென்னை 720' என்பதெல்லாம் சாமி பேர் மாதிரி மனப்பாடம். (அந்த இரண்டு எண்ணையும் 9-ஆல் வகுத்துப் பாருங்கள், மீதி வராது. மீடியம் வேவில் நிலையங்களை 9 கிலோஹெர்ட்ஸ் இடைவெளி விட்டு அடுக்கியிருப்பதுதான் காரணம். பாடத்தில் 'சேனல் ஸ்பேசிங்' என்று படித்தோமே, அது இதுதான்.) 1924-ஆம் ஆண்டு ஜூலை 31-ஆம் தேதி மெட்ராஸ் பிரசிடென்சி ரேடியோ கிளப் சென்னையில் ஒலிபரப்பைத் தொடங்கியது. அதற்கு முன்னின்றவர் சி.வி. கிருஷ்ணசாமி செட்டி. அகில இந்திய வானொலியின் சென்னை நிலையம் 1938-லும், திருச்சி நிலையம் 1939-லும் வந்தன. செய்தி, வயலும் வாழ்வும், நாடகம், இரவில் முள்ளைத் திருப்பினால் இலங்கை வானொலி என்று இரண்டு மூன்று தலைமுறைக்குக் காதில் விழுந்த உலகம் அந்தக் கண்ணாடிக்குள்தான் இருந்தது.

இப்போது பிரசார் பாரதி பல ஊர்களில் மீடியம் வேவ் டிரான்ஸ்மிட்டர்களை ஒவ்வொன்றாக நிறுத்தி வருகிறது. இது நம் நாட்டுச் சங்கதி மட்டுமல்ல. ஜெர்மனியில் பொது வானொலி 2015-ஆம் ஆண்டு முடிவோடு மீடியம் வேவை மூடிவிட்டது. நார்வே இன்னும் ஒரு படி மேலே போய், 2017-இல் தேசிய நிலையங்களின் எப்.எம். ஒலிபரப்பையே நிறுத்தியது. அங்கே பழைய கார் ரேடியோ வைத்திருந்தவர்கள் ஒரே நாளில் என்ன ஆகியிருப்பார்கள் என்று யோசித்துப் பாருங்கள். ரேடியோவில் ஒரு கோளாறும் இல்லை. பேச ஆள் இல்லை, அவ்வளவுதான். நல்லா இருக்கிற ரேடியோவையும் ஊமையாக்கிவிடலாம் என்பது இதிலிருந்து தெரிகிறது. அதனால்தான் இன்னொரு காது வேணும் என்கிறேன். நிலையம் பேசினால் நிலையத்தைக் கேட்கட்டும், பேசாவிட்டால் கையில் இருப்பதைக் கேட்கட்டும்.

நிற்க. ரேடியோவுக்குள் என்ன நடக்கிறது என்பதை நம் துறை மாணவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. மற்றத் துறை நண்பர்களுக்காகச் சொல்கிறேன். ரேடியோவில் பாதிதான் ரேடியோ. ஏரியலில் வந்த அலையை எடுத்து, 455 கிலோஹெர்ட்ஸ் போன்ற ஒரு நடு அலைவரிசைக்கு மாற்றி, டிடெக்டர் என்ற இடத்தில் பாட்டை மட்டும் பிரித்தெடுக்கும் வரை ரேடியோ வேலை. அதற்குப் பிறகு இருப்பது வெறும் ஆம்ப்ளிபயர். இரண்டுக்கும் எல்லைக் கல் எது தெரியுமா? வால்யூம் கண்ட்ரோல்தான்!

கோமுகி அணை வாய்க்கால் பாயும் நிலம் வைத்திருப்பவர்களுக்கு இது சட்டென்று புரியும். வாய்க்காலில் தண்ணீர் வருகிறது, மடையில் தடுத்து வேண்டிய அளவு வயலுக்கு விடுகிறோம். வாய்க்காலில் தண்ணீர் வராத காலத்தில் என்ன செய்வோம்? கிணற்று மோட்டாரைப் போட்டு, அதே மடைக்கு மேல்பக்கம் தண்ணீரை விடுவோம். மடையும் அதே மடை, வயலும் அதே வயல். வால்யூம் கண்ட்ரோல்தான் மடை. டிடெக்டர் பக்கம் வாய்க்கால். செல்போன் கிணற்று மோட்டார். ஆனால் கிணற்றுத் தண்ணீர் வாய்க்காலில் பின்னோக்கி ஓடி வீணாகாமல் இருக்க, மேலே ஒரு இடத்தில் மண் வைத்து அடைக்க வேண்டும் அல்லவா? அந்த வேலைக்கு ஒரு சுவிட்ச்.

பெரியவரின் வண்டியில் நான் செய்ததைச் சொல்கிறேன். அது டிரான்சிஸ்டர் ரேடியோ. முதலில் பேட்டரி ஒயரைக் கழற்றிவிட்டு, ரேடியோவை வெளியே எடுத்து மூடியைத் திறந்தேன். வால்யூம் கண்ட்ரோலில் மூன்று காது இருக்கும். ஒன்று எர்த், நடுவில் இருப்பது ஆம்ப்ளிபயருக்குப் போவது, மூன்றாவது டிடெக்டரிலிருந்து வருவது. எது எது என்று மல்டிமீட்டரில் பார்த்து உறுதி செய்துகொள்ளலாம். எங்கள் ஊரில் நாற்பது வருஷம் ரேடியோ ரிப்பேர் பார்த்த ஐயா ஒருவர் இருக்கிறார்; அவருக்கு மீட்டரும் வேண்டாம். ரேடியோவை ஓட விட்டு, ஸ்குரூ டிரைவர் முனையால் ஒவ்வொரு காதையும் தொட்டு, வரும் 'டக்' சத்தத்தை வைத்தே சொல்லிவிடுவார். அவர் படித்தது எட்டாங்கிளாஸ்.

மூன்றாவது காதில் வந்து சேரும் ஒயரை ஈயம் உருக்கிக் கழற்ற வேண்டும். வெட்டக் கூடாது, கழற்றத்தான் வேண்டும். கழற்றிய ஒயரை ஒரு இருவழி சுவிட்சின் ஒரு பக்கத்தில் வைத்து, சுவிட்சின் நடு முனையை வால்யூம் காதுக்குக் கொண்டுவந்து, மறு பக்கத்தில் செல்போன் வழியை வைத்துவிட்டால் கதை முடிந்தது. சுவிட்சைத் தள்ளினால் செல்போன், திருப்பித் தள்ளினால் திருச்சி.

செல்போனிலிருந்து வரும் பாட்டு இடது, வலது என்று இரண்டு ஒயரில் வரும். பழைய ரேடியோவுக்கு ஒரு வழிதான். இரண்டையும் அப்படியே முறுக்கி ஒன்றாக்கிவிடக் கூடாது. ஒன்றின் வெளியீடு மற்றதின் தலையில் ஏறி உட்காரும். ஒவ்வொன்றுக்கும் 1 கிலோ ஓம் ரெசிஸ்டர் ஒன்று போட்டு, அதற்குப் பிறகு சேர்க்க வேண்டும். சேர்ந்த இடத்திலிருந்து ஒரு கெப்பாசிட்டர் வழியாக உள்ளே விட வேண்டும். பல பழைய செட்டுகளில் வால்யூம் காதில் பாட்டோடு டி.சி. மின்னழுத்தமும் இருக்கும் என்பதால் இந்தக் காவல். 1 மைக்ரோ ஃபாரட், பாலியஸ்டர் வகை போதும். எலெக்ட்ரோலிடிக் போட்டால் எந்தப் பக்கம் பிளஸ் என்று குழம்ப வேண்டிவரும்.

ஏன் 1 மைக்ரோ ஃபாரட்? இந்த இடம்தான் எனக்கு ரொம்பப் பிடித்தது. வால்யூம் கண்ட்ரோல் 10 கிலோ ஓம். 2 பை ஆர் சி-யால் ஒன்றை வகுத்தால் கிட்டத்தட்ட 16 ஹெர்ட்ஸ் வருகிறது. அதற்குக் கீழே உள்ளதுதான் வெட்டுப்படும். மனுஷன் காது சுமார் 20 ஹெர்ட்ஸிலிருந்துதான் கேட்கும். ஆகவே பாட்டில் ஒன்றும் குறையாது. இந்தச் சூத்திரத்தை இரண்டு தடவை பரீட்சையில் எழுதி மார்க் வாங்கியிருக்கிறேன். அது ஒரு அம்பாசிடர் காருக்குள் இருக்கிறது என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

மற்றபடி ஷீல்டு ஒயர் பயன்படுத்த வேண்டும், இல்லையென்றால் எஞ்சின் ஸ்பார்க் 'டர்ர்' என்று பாட்டோடு சேர்ந்து பாடும். ஜாக்கின் உலோக உடம்பு வண்டித் தகட்டில் படாமல் இருப்பது நல்லது. புதிதாகத் துளை எதுவும் போடவில்லை. டேஷ்போர்டுக்குக் கீழே ஏற்கெனவே இருந்த ஒரு கிளாம்பில் சுவிட்சையும் ஜாக்கையும் கட்டிவிட்டேன். சாமான்கள் எல்லாம் சேர்த்து நூறு ரூபாய்கூட ஆகவில்லை. சால்டரிங் அயர்ன் என்னுடையது. தமிழ்ப் புதல்வன் திட்டத்தில் வந்த முதல் ஆயிரத்தில் வாங்கியது. வேலை முடிந்ததும் என்ன செய்தேன் என்பதைச் சின்னப் படமாக ஒரு தாளில் வரைந்து, தேதி போட்டு, மூடியின் உள்பக்கம் ஒட்டினேன். பிறகு எவர் திறந்தாலும் அவருக்குக் குழப்பம் வரக் கூடாது. யாராவது பழையபடியே வேணும் என்று நினைத்தால், இரண்டு இடத்தில் ஈயம் உருக்கினால் போதும், ரேடியோ பிறந்த மேனிக்குத் திரும்பிவிடும்.

பாட்டு எப்படி இருந்தது என்பீர்கள். ஸ்டீரியோ வராது, தரையே அதிரும் பாஸ் வராது. ஸ்பீக்கர் ஒன்றுதான், அதுவும் ஒரு சாண்கூட இல்லை. ஆனால் மீடியம் வேவில் நிலையம் வைத்துக் கேட்பதைவிடத் தெளிவாகவே இருந்தது. 9 கிலோஹெர்ட்ஸ் இடைவெளிக்குள் அடங்க வேண்டியிருப்பதால் மீடியம் வேவில் உயர்ந்த ஒலிகள் பாதியில் நறுக்கப்பட்டே வருகின்றன. செல்போனிலிருந்து நேராக விட்டால் அந்த நறுக்கல் இல்லை. "இந்த ஸ்பீக்கருக்கு இவ்ளோ குரல் இருக்கா!" என்று பெரியவரே ஆச்சரியப்பட்டார்.

சிலர் கேட்கலாம், 'சிகரெட் லைட்டரில் சொருகுகிற எப்.எம். டிரான்ஸ்மிட்டர் கிடைக்கிறதே' என்று. எப்.எம். எடுக்காத ரேடியோவுக்கு அது செவிடன் காதில் ஊதிய சங்கு. கேசட் வடிவ அடாப்டருக்குக் கேசட் பிளேயர் வேணும். இப்போதைய பல செல்போன்களில் ஹெட்போன் துளையே கிடையாது. 2016-இல் ஐபோன் 7 தொடங்கி வைத்த புண்ணியம். அதற்கு டைப்-சி அடாப்டர் உண்டு. ரிச்சி தெருவில் சின்ன புளூடூத் போர்டும் கிடைக்கிறது. ஆனால் அதற்கு வண்டியிலிருந்தே 5 வோல்ட் எடுத்தால் டைனமோவின் ஊளை பாட்டில் கலந்துவிடும். தனிமைப்படுத்திய பவர் சப்ளை போட்டால்தான் அது அடங்கும்.

இரண்டு எச்சரிக்கை சொல்லியே ஆகணும். பழைய ஆங்கிலேய வடிவமைப்பு வண்டிகளில் பல 'பாசிட்டிவ் எர்த்' வண்டிகள். அதாவது பேட்டரியின் பிளஸ் முனை வண்டித் தகட்டில் இருக்கும். இன்றைய சார்ஜர்கள் மைனஸ் முனை தகட்டில் இருக்கும் என்று நினைத்துச் செய்யப்பட்டவை. அப்படிப்பட்ட வண்டியில் செல்போனைச் சார்ஜில் போட்டுக்கொண்டே ஆக்ஸ் ஒயரையும் சொருகினால், 12 வோல்ட் பேட்டரியின் இரண்டு முனையும் செல்போன் வழியாகக் கை குலுக்கும்! செல்போன் புகைந்துவிடும். அங்கே செல்போன் தன் சொந்த பேட்டரியில்தான் பாடணும், அல்லது நடுவே ஒரு ஐசொலேஷன் டிரான்ஸ்பார்மர் போடணும். இரண்டாவது, டிரான்சிஸ்டருக்கு முந்தின வால்வு ரேடியோ. அதற்குள் 12 வோல்ட்டை வைப்ரேட்டர் வைத்து இருநூறு வோல்ட் அளவுக்கு ஏற்றியிருப்பார்கள். ஆசிரியரோ, அனுபவசாலியோ பக்கத்தில் இல்லாமல் அதில் கை வைக்கக் கூடாது.

'இவ்வளவு தொல்லை எதற்கு? டிடெக்டர் பக்கத்தை அப்படியே துண்டித்துவிட்டு வெறும் ஆம்ப்ளிபயராக வைத்துக்கொள்ளலாமே, சுவிட்ச் எதற்கு?' என்று வகுப்பு நண்பன் ஒருவன் கேட்டான். நல்ல கேள்வி. பதில் கல்வராயன் மலையில் இருக்கிறது.

கச்சிராயபாளையம் தாண்டி வண்டி மலை ஏற ஏற, செல்போனில் டவர் கோடு ஒவ்வொன்றாகக் குறையும். சில வளைவுகளில் சுத்தமாக இருக்காது. ஆன்லைன் பாட்டு நின்றுவிடும். போனில் முன்கூட்டியே இறக்கி வைத்திருந்தால்தான் உண்டு. மீடியம் வேவ் அப்படியல்ல, நிலத்தை ஒட்டியே நூறு கிலோமீட்டருக்கு மேல் நடந்து வரும். கிழக்குத் தொடர்ச்சி மலையின் முதுகில் நின்றுகொண்டு, காவேரிக் கரையிலிருந்து பேசுகிறவர் குரலைக் கேட்கலாம். 2024 நவம்பர் 30-ஆம் தேதி இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்து, விழுப்புரம், கள்ளக்குறிச்சி மாவட்டங்களைத் தண்ணீரில் மிதக்க வைத்ததே, அந்த நாட்களை மறந்திருக்க மாட்டீர்கள். எங்கள் தெருவில் கரண்ட் இல்லை, போனில் சார்ஜ் இல்லை, சார்ஜ் இருந்தவனுக்கு டவர் இல்லை. அப்படிப்பட்ட நேரத்தில் கார் பேட்டரியில் ஓடும் ஒரு ரேடியோ தெருவுக்கே செய்தி சொல்லும்.

இதை அமெரிக்காக்காரனும் கொஞ்சம் தாமதமாகத்தான் புரிந்துகொண்டான். 2023-இல் ஃபோர்டு கம்பெனி புது வண்டிகளில் ஏ.எம். ரேடியோவை எடுத்துவிடப் போவதாகச் சொன்னது. அவசரகால எச்சரிக்கைகள் அந்த வழியாகத்தான் மக்களைச் சேரும் என்று எதிர்ப்பு கிளம்பவே, அதே ஆண்டு மே மாதம் முடிவை மாற்றிக்கொண்டது. கார் ரேடியோவைக் கடைத்தெருவுக்குக் கொண்டுவந்த நாட்டிலேயே இப்படி! 1930-இல் அங்கே கால்வின் என்பவரின் கம்பெனி விற்கத் தொடங்கிய கார் ரேடியோவுக்கு வைத்த பெயர்தான் 'மோட்டோரோலா'. நம்மில் சிலர் பாக்கெட்டில் வைத்திருக்கும் செல்போனின் பெயர் ஒரு கார் ரேடியோவின் பெயர் என்பது வேடிக்கைதானே! ஆக, சுவிட்ச் அவசியம். ஒன்றைச் சேர்ப்பதற்காக இன்னொன்றைக் கொல்ல வேண்டியதில்லை.

எதிர்ப்பக்கத்திலும் ஒரு கட்சி உண்டு. பழைய வண்டிப் பிரியர்கள். 'தொழிற்சாலையில் எப்படி வந்ததோ அப்படியே இருக்கணும், ஒரு ஒயரைக்கூடத் தொடாதே' என்பார்கள். கோவையில் உள்ள ஜீடி கார் அருங்காட்சியகத்தில் நிற்கும் வண்டிகளுக்கு அந்த விதி சரி. கண்ணாடித் தடுப்புக்குள் நிற்பதற்குப் பாட்டு வேண்டாம். ரோட்டில் ஓடி, மலை ஏறி, மரவள்ளிக் கிழங்கு மூட்டையை டிக்கியில் போட்டுக்கொண்டு இறங்கி வரும் வண்டிக்கு அந்த விதி பொருந்தாது. அதன் சொந்தக்காரருக்கு அந்த ரேடியோ பயன்பட வேண்டும். பயன்படாவிட்டால் இன்றைக்கு இல்லாவிட்டாலும் நாளைக்கு அது காயலான் கடைக்குத்தான் போகும்.

கோவை என்றதும் ஜி.டி. நாயுடு ஞாபகம் வருகிறார். மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவர். 1941-இல், ஐந்து வால்வு ரேடியோவை 70 ரூபாய்க்குச் செய்து தர முடியும் என்று அறிவித்தவர். நமக்கு அவர் இன்னொரு வகையில் நெருக்கம். கோவையில் ஆர்தர் ஹோப் பாலிடெக்னிக் அமையக் காரணமாக இருந்தவர் அவர்தான். அங்கே முதல்வர் பொறுப்பில் இருந்தபோது, நாலு வருஷப் படிப்பு வீண், தொழில் கற்க இரண்டு வருஷமே போதும் என்று வாதாடி, அரசாங்கம் ஒப்புக்கொள்ளாததால் பதவியை விட்டு விலகினார். இரண்டு வருஷம் போதுமா, மூன்று வேணுமா என்று சொல்ல எனக்கு வயசும் இல்லை, தகுதியும் இல்லை. ஆனால் அவர் கேட்ட கேள்வி இன்றைக்கும் நம் முன்னால் நிற்கிறது. மூன்று வருஷத்தில் நாம் எத்தனை சாமானைத் திறந்து பார்த்திருக்கிறோம்?

இதை எழுதினால் சில நண்பர்களுக்குக் கோபம் வரும், பரவாயில்லை. கடைசி வருஷப் ப்ராஜெக்ட் என்றால் என்ன நடக்கிறது? நகரத்தில் ப்ராஜெக்ட் செண்டர் என்று கடைகள் இருக்கின்றன. பணம் கட்டினால் போர்டு, புரோகிராம், பைண்டிங் செய்த ரிப்போர்ட் எல்லாம் பெட்டியில் போட்டுத் தருவார்கள். வைவாவில் என்ன பேச வேண்டும் என்பதைக்கூடச் சொல்லித் தருவார்கள். பல கல்லூரிகளில் இதுதான் கதை. இந்தக் கார் ரேடியோ வேலையை ப்ராஜெக்டாகச் செய்யலாமா என்று நான் விசாரித்தபோது, "இதெல்லாம் மெக்கானிக் வேலைப்பா, ஐ.ஓ.டி. ஏதாவது போடு" என்ற பதில்தான் வந்தது.

'மெக்கானிக் வேலை' என்ற அந்த வார்த்தை எனக்குக் கொஞ்சம் உறுத்தியது. எங்க அப்பா கரும்பு வெட்டுகிறவர். எங்க வம்சத்தில் பத்தாங்கிளாஸ் தாண்டிய முதல் ஆள் நான். என்னைப் படிக்க வைக்க அம்மா சுயஉதவிக் குழுவில் கடன் எடுத்திருக்கிறார். ரேடியோ வேலை முடிந்த அன்றைக்கு அப்பா வந்து, வண்டியின் கண்ணாடி வழியாக எட்டிப் பார்த்து, "இது நீ படிச்சதுல இருக்குதா, இல்ல நீயா செஞ்சியா?" என்று கேட்டார். படிச்சதுல இருந்ததை வைச்சுத்தான் செஞ்சேன் என்றேன். ப்ராஜெக்ட் செண்டரில் பணம் கட்டி வாங்கிய பெட்டியைக் காட்டியிருந்தால் இந்தப் பதிலை அவரிடம் சொல்லியிருக்க முடியாது.

ரிப்பேர் பார்ப்பதால் வயிறு நிறையுமா என்று கேட்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. பழைய அம்பாசிடர்களை மட்டும் நம்பினால் நிறையாதுதான். எண்ணி நாலு வண்டி கிடைக்கலாம். ஆனால் எர்த் எங்கே இருக்கிறது, டி.சி.யைத் தடுப்பது எப்படி, சத்தம் எந்த வழியாக நுழைகிறது என்பதெல்லாம் டிராக்டருக்கும் ஒன்றுதான், ஆஸ்பத்திரி மானிட்டருக்கும் ஒன்றுதான், சோலார் பம்ப் செட்டுக்கும் ஒன்றுதான். கேம்பஸ் இன்டர்வியூவில் ஸ்ரீபெரும்புதூர் பக்கம் வேலைக்குப் போகிற நண்பர்கள் போகட்டும், வாழ்த்துகிறேன். ஊரிலேயே இருக்க விரும்புகிறவனுக்கு டச் ஸ்கிரீன் விற்கிற வேலை ஒன்றுதான் கதி என்று ஆகிவிடக் கூடாது. விற்கிறவனுக்கு வண்டிக்காரர் ஒரு தடவைதான் வருவார். ரிப்பேர் தெரிந்தவனைத் தேடி அவர் பேரனும் வருவான்.

மாணவர் பேரவைக்கு ஒரு வேண்டுகோள் வைக்கிறேன். நம் ஆய்வுக்கூடத்தின் பின்பக்கம், உடைந்த ஸ்டூல்கள் போட்டு வைத்திருக்கும் மூலையில் ஒரு மேஜை போட அனுமதி வாங்கித் தாருங்கள். வாரத்தில் ஒரு மாலை, இரண்டு மணி நேரம். வீட்டில் தூசி படிந்து கிடக்கும் ரேடியோ, டேப் ரெக்கார்டர், மிக்ஸி எதுவானாலும் கொண்டுவரலாம். நான் சொன்ன ரேடியோ ஐயாவை அழைத்தால் வருவார், கேட்டுவிட்டேன். "காசு கீசு வேணாம் தம்பி, டீ மட்டும் வாங்கிக் குடுங்க" என்றார். அவர் கைக்குத் தெரிந்ததை நாம் நோட்டில் எழுதி வைத்தால், அடுத்த வருஷ மாணவர்களுக்கு அது இருக்கும். முதல் சாமான் என்னிடம் தயாராக இருக்கிறது. காயலான் கடையில் எடை போட்டு வாங்கிய இன்னொரு கார் ரேடியோ. வால்யூமைத் திருப்பினால் கரகரவென்று சத்தம், இரண்டு குமிழில் ஒன்று காணோம். யாரிடமாவது அந்த மாதிரிக் குமிழ் இருந்தால் சொல்லுங்கள்.